மண்ணுக்குள் புதைந்த வீடியோ கேம்!



பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய மரம் படுத்துக் கிடக்கிறது. அதன் நீளம் சுமார் 18 மீட்டர். ஐந்து மாடிக் கட்டடத்தைப் படுக்க வைத்தால் எவ்வளவு இருக்கும்? அவ்வளவு நீளம்! ஆனால், அது மரம் இல்லை, கல்! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் கடல் இருந்தது. அந்தக் காலத்தில் மண்ணுக்குள் புதைந்த மரம்தான் இப்படிக் கல்லாக மாறியிருக்கிறது. 'கல்மரம்' என்று பெயர்.

காரை கிராமத்தின் செம்மண் பள்ளங்களிலும், அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கூட இப்படிப்பட்ட புதையல்கள் உண்டு. ஆட்டுக்கடா கொம்பு போலச் சுருண்ட கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அம்மோனைட் என்னும் கடல் பிராணியின் ஓடுகள். கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம்! அரியலூர் பக்கத்தில் வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போனால் இவற்றையெல்லாம் பார்க்கலாம்.

ஆகவே, மண்ணைத் தோண்டினால் பழைய கதை கிடைக்கும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால், மண்ணைத் தோண்டினால் வீடியோ கேம் கிடைக்குமா?

சிரிக்காதீர்கள். நிஜமாகவே கிடைத்தது!

குப்பைக் கிடங்கில் கூட்டம்

2014ம் ஆண்டு, ஏப்ரல் 26ம் தேதி. அமெரிக்காவில் நியூமெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்று ஒரு ஊர். பாலைவனத்தை ஒட்டிய ஊர் அது. அங்கே இருந்த ஒரு பழைய குப்பைக் கிடங்கைப் பார்க்க அன்று ஏராளமானோர் கூடிவிட்டார்கள். பலத்த காற்று! கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குப் புழுதி! ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

பெரிய இயந்திரம் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டது. நம் கீழடியில் தோண்டுகிறார்களே, அதுபோன்ற தொல்லியல் ஆய்வாளர்களும் அங்கே வந்து, அள்ளிய குப்பையைக் கிளறிப் பார்த்தார்கள். கடைசியில், நசுங்கிப் போன அட்டைப் பெட்டியும், அதோடு ஒரு பிளாஸ்டிக் பொருளும் வெளியே வந்தன. 'ஈ.டி.' என்ற வீடியோ கேம்! கூட்டம் ஆரவாரம் செய்தது.

அங்கிருந்து சுமார் 1,300 கேம்களை வெளியே எடுத்தார்கள். இன்னும் எடுக்காமல் விட்டவை ஏராளம்.

நல்ல பொருளை யாராவது குப்பையில் புதைப்பார்களா? ஏன் புதைத்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டி.வி.க்குள் ஒரு பந்து

டி.வி.யில் யாரோ காட்டுவதை நாம் பார்க்கிறோம். அதே டி.வி.யில் நாமே ஏதாவது செய்ய முடிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார் ரால்ஃப் பேர் என்ற பொறியாளர். ஜெர்மனியில் பிறந்தவர், யூதர் என்பதால் அங்கே வாழ முடியாமல், சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். அவருடைய யோசனையில் பிறந்து, 1972ல் கடைக்கு வந்ததுதான் 'ஒடிசி'. வீட்டு டி.வி.யில் இணைத்து விளையாடும் உலகின் முதல் வீடியோ கேம் பெட்டி!

அதில் வண்ணம் கிடையாது. சத்தம் கிடையாது. திரையில் சில வெள்ளைப் புள்ளிகள் மட்டும் நகரும். மைதானம் வேண்டுமா? வண்ணம் அடித்த பிளாஸ்டிக் தாளை டி.வி. மேல் ஒட்டிக் கொள்ள வேண்டும்! யார் ஜெயித்தார்கள் என்பதையும் நாமே தாளில் எழுதிக் கணக்கு வைக்க வேண்டும்!

அதே 1972ல் அடாரி என்ற அமெரிக்க நிறுவனம், 'பாங்' என்னும் கேமைக் கொண்டு வந்தது. இரண்டு கோடுகள், நடுவில் ஒரு பந்து; அவ்வளவுதான். காசு போட்டு விளையாடும் அந்தப் பெட்டியை முதலில் ஒரு விடுதியில் வைத்துப் பார்த்தார்கள். சில நாளில், 'உங்கள் பெட்டி வேலை செய்யவில்லை' என்று தகவல் வந்தது. போய்த் திறந்து பார்த்தால், காசு விழும் டப்பா நிரம்பி வழிந்து அடைத்துக் கொண்டிருந்ததாம்!

1977ல் அடாரி, வீட்டுக்கான புதிய பெட்டி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பெட்டி ஒன்றுதான்; அதில் செருகும் சின்னப் பெட்டியை மாற்றினால் கேமும் மாறும். அந்தச் சின்னப் பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். நம் ஊர்ப் பிள்ளைகள் அதைக் 'கேசட்' என்றுதான் சொன்னார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

ஐந்து வாரத்தில் ஒரு கேம்!

1982ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஈ.டி.' திரைப்படம் வெளியானது. வேறு கிரகத்திலிருந்து வந்த ஒரு குட்டி உயிர், பூமியில் தனியாக மாட்டிக் கொள்கிறது. ஒரு சிறுவன் அதைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறான். உலகம் முழுவதும் குழந்தைகள் அந்தப் படத்தைக் கொண்டாடினார்கள்.

'இந்தப் படத்தை கேமாக்கினால் எவ்வளவு விற்கும்!' என்று கணக்குப் போட்டது அடாரி. கோடிக்கணக்கான டாலர் கொடுத்து உரிமையை வாங்கியது. ஆனால், பேச்சுவார்த்தை முடியும்போதே ஜூலை மாதக் கடைசி. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கேம் கடையில் இருந்தாக வேண்டும். லட்சக்கணக்கில் கேசட் தயாரிக்கவும், கடைகளுக்கு அனுப்பவும் மாதக்கணக்கில் ஆகும். அப்படியானால் கேமை உருவாக்க மிச்சமிருந்த நேரம் எவ்வளவு தெரியுமா? சுமார் ஐந்து வாரம்!

ஒரு கேமை எழுத அப்போது ஆறேழு மாதம் வரை ஆகும். இந்த வேலையை ஏற்றுக் கொண்டவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. சின்ன வயசு, கெட்டிக்காரர். அதற்கு முன் அவர் செய்த கேம்கள் நன்றாக விற்றிருந்தன. வீட்டிலும் கணினியை வைத்துக் கொண்டு இரவு பகலாக உழைத்தார். சொன்ன நாளில் முடித்தும் கொடுத்துவிட்டார்.

அவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஈ.டி. கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 8 கிலோபைட். நீங்கள் இப்போது படிக்கிற இந்தக் கட்டுரையின் பாதியைக் கூட அதில் எழுதி வைக்க முடியாது! அதற்குள் ஒரு முழு கேமையும் அடக்கினார் அவர்.

ஆனால், செய்து முடித்ததைப் பிள்ளைகளிடம் கொடுத்து விளையாடச் சொல்லி, எங்கே கஷ்டப்படுகிறார்கள் என்று பார்த்து, திருத்துவதற்கு நேரமே இல்லை. அங்கேதான் வினை வந்தது. கேமில் ஈ.டி. நடந்து போகும்போது அடிக்கடி குழியில் விழுந்துவிடும். கஷ்டப்பட்டு மேலே ஏற்றினால், மறுபடியும் 'தொபுக்'! ஆசை ஆசையாய் வாங்கிய குழந்தைகள் வெறுத்துப் போனார்கள்.

கேம் லட்சக்கணக்கில் விற்றது உண்மை. ஆனால், அதைவிடப் பல லட்சம் அதிகமாகத் தயாரித்து வைத்திருந்தது நிறுவனம். விற்காமல் தேங்கியவையும், கடைகளிலிருந்து திரும்பி வந்தவையும் கிடங்கில் மலை போலக் குவிந்தன. 1983 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து லாரி லாரியாக ஏற்றி வந்து, அலமகோர்டோவில் குழி தோண்டிக் கொட்டி, மேலே கான்கிரீட்டும் ஊற்றி மூடிவிட்டார்கள். ஈ.டி. மட்டுமல்ல, வேறு பல கேம்களும் அந்தக் குழியில் இருந்தன.

அந்தச் சமயத்தில் ஆளாளுக்கு அரைகுறை கேம்களைத் தயாரித்துச் சந்தையை நிரப்பியிருந்தார்கள். மக்களுக்கு வீடியோ கேம் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. 1983ல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க வீடியோ கேம் வியாபாரம், 1985ல் சுமார் 10 கோடி டாலராகச் சரிந்தது. இத்தனைக்கும் பல காரணங்கள் இருந்தன. ஆனால் பழி? 'உலகின் மோசமான கேமைச் செய்தவர்' என்று வார்ஷாவின் தலையில் விழுந்தது. ஐந்து வாரம்தான் தருவேன் என்று சொன்னவர்களை யாரும் கேட்கவில்லை!

படம் கிடைக்கவில்லை, மீசைக்காரர் கிடைத்தார்!

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு.

ஜப்பானில் நின்டெண்டோ என்ற நிறுவனம், 'பாப்பாய்' கார்ட்டூனை வைத்து ஒரு கேம் செய்ய விரும்பியது. கீரை சாப்பிட்டால் பலம் வருமே, அதே பாப்பாய்தான்! ஆனால் அப்போது அதற்கான உரிமை கிடைக்கவில்லை. ஷிகெரு மியாமோட்டோ என்ற இளம் ஓவியர், 'சரி, நாமே கதாபாத்திரங்களை உருவாக்குவோம்' என்று முடிவு செய்தார். பாப்பாயின் எதிரி ப்ளூட்டோ இருந்த இடத்தில் ஒரு பெரிய மனிதக் குரங்கு வந்தது. பாப்பாய் இருந்த இடத்தில் ஒரு குட்டித் தச்சர் வந்தார். 1981ல் வெளியான அந்தக் கேமின் பெயர் 'டாங்கி காங்'. அந்தக் குட்டித் தச்சர்தான் பிறகு 'மரியோ' ஆனார்!

மரியோவுக்கு ஏன் தொப்பியும் மீசையும் தெரியுமா? அவரை வரையக் கிடைத்தவை சில கட்டங்கள்தான். அதில் முடி வரைவது கடினம், ஆகவே தொப்பி! வாய் வரைய இடமில்லை, மூக்கும் தனியாகத் தெரிய வேண்டும், ஆகவே மீசை!

1983ல் நின்டெண்டோ 'ஃபாமிகாம்' என்ற சிவப்பு, வெள்ளைப் பெட்டியை ஜப்பானில் வெளியிட்டது. 1985ல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வந்தது. அமெரிக்காவில் செத்துப் போனது என்று நினைத்த வீடியோ கேம், மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

நம் ஊருக்கு வந்த டி.வி. கேம்

1990களில் அந்தப் பெட்டியின் நகல்கள் பல பெயர்களில் நம் ஊருக்கும் வந்தன. 'டி.வி. கேம்' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். உங்கள் அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். மரியோ, கான்ட்ரா, வாத்து சுடுவது, சர்க்கஸ் சார்லி என்று மூச்சு விடாமல் சொல்வார்கள்! கேசட் மேல் '999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் சில கேம்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அனுமதி இல்லாமல் தயாரித்த நகல்கள் அவை. யாரோ உழைத்துச் செய்ததை இப்படி நகல் எடுத்து விற்பது தவறு என்று அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1998ம் வருடம். குன்னம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். என் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாமே! கணக்கில் புலி. ஒருநாள் அவன் பைக்குள் மஞ்சள் நிறத்தில் ஏதோ தெரிந்தது. எடுத்துப் பார்த்தால், டி.வி. கேம் கேசட்! எனக்குக் கோபம் வந்துவிட்டது.

''படிக்க வந்தாயா, விளையாட வந்தாயா? அப்பாவைக் கூட்டி வந்து வாங்கிக் கொள்!'' என்று பிடுங்கி வைத்துக் கொண்டேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ''பேசாதே!'' என்றேன். அவன் அப்பாவும் வரவில்லை. அந்த ஆண்டு முடிந்து, அவன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். கேசட் என் டிரங்குப் பெட்டியின் அடியில் தங்கிவிட்டது.

பணி ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து, அந்தப் பெட்டியைச் சுத்தம் செய்தேன். பழைய வருகைப் பதிவேட்டுத் தாள்களுக்குக் கீழே மஞ்சள் கேசட்! ''இது என்ன பாட்டி?'' என்று கேட்டான் பேரன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனின் முகம்தான் கண் முன்னால் வந்தது.

விசாரித்தேன். பெரம்பலூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான் என்று தெரிந்தது. கேசட்டை எடுத்துக் கொண்டு நேரில் போனேன். பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

''டீச்சர்! இதை இன்னுமா வச்சிருக்கீங்க?''

''உன் பொருள்தானே அப்பா. அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும்.''

''என் பொருள் இல்லை டீச்சர். வாடகைக்கு எடுத்தது. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி, கடைக்காரருக்கு அறுபது ரூபாய் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சின்ன வெங்காயம் தாள் அறுக்கப் போய்ச் சேர்த்த காசு.''

எனக்குத் தொண்டை அடைத்தது. ''ஏனப்பா பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்தாய்?'' என்று கேட்டேன். அன்று கேட்காத கேள்வியை இத்தனை வருடம் கழித்துக் கேட்டேன்.

அவன் சிரித்தான். ''உங்ககிட்ட கேட்கத்தான் டீச்சர். இவ்வளவு சின்ன டப்பாவுக்குள்ள, இவ்வளவு பெரிய கேம் எப்படி அடங்குதுன்னு...''

குழந்தைகளே, அன்று அவன் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. ஆனால், 'தெரியாது, இருவரும் கண்டுபிடிப்போம்' என்றாவது சொல்லியிருக்கலாம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

அவனே ஒரு குட்டித் திருப்புளியால் கேசட்டைத் திறந்து காட்டினான். உள்ளே கட்டை விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை. அதன் நடுவில் கறுப்பாக ஒரு சொட்டு, தார் உருண்டை மாதிரி. அந்தச் சொட்டுக்கு அடியில்தான் 'சிப்' இருக்கிறது. கேம் முழுவதும் 0, 1 என்ற இரண்டே எண்களாக அதில் பதிந்திருக்கிறது.

வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறோமே, அதை நினைத்துக் கொள்ளுங்கள். திரையும் புள்ளிகளால் ஆனது. எந்தப் புள்ளியில் எந்த நிறம் என்ற பட்டியல்தான் படம். ஆனால், எல்லாப் புள்ளிகளையும் எழுதி வைத்தால் இடம் போதாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். சின்னச் சின்னக் கட்டங்களை ஒரு தடவை மட்டும் வரைந்து வைத்து, அவற்றையே திரும்பத் திரும்ப அடுக்கினார்கள். ஒரே செங்கல் அச்சில் வீடு முழுவதும் கட்டுவது போல!

சூப்பர் மரியோவில் வானத்தில் மேகம் இருக்கும். தரையில் புதர் இருக்கும். இரண்டும் ஒரே படம்தான்! வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இப்படிச் சிக்கனம் பிடித்து, முழு கேமையும் 40 கிலோபைட்டில் அடக்கிவிட்டார்கள். இன்று நாம் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் பிடிக்கிற இடத்தில், ஐம்பது மரியோ கேமை வைக்கலாம்!

''கேசட் ஓடலைன்னா ஊதி ஊதிப் போடுவோம் டீச்சர். அது தப்பு. எச்சில் ஈரம் பட்டு, அந்த உலோகப் பட்டைகள் அரிச்சுப் போயிடும். கழற்றி மறுபடி செருகினதாலதான் ஓடியிருக்கு. ஊதினதால இல்லை'' என்றான் அவன். இப்போது அவன் ஆசிரியர், நான் மாணவி!

நேரம் கொடுத்தவர்கள் ஜெயித்தார்கள்

'அப்படியானால், சினிமாவை வைத்துச் செய்யும் கேம் எல்லாமே மோசமா?' என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை.

டிஸ்னியின் 'அலாவுதீன்' படம் 1992ல் வந்தது. அதை வைத்து 1993ல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் பெட்டிக்கு ஒரு கேம் வந்தது. அதில் அலாவுதீன் ஓடுவதையும் குதிப்பதையும் டிஸ்னியின் சொந்த ஓவியர்களே தாளில் கையால் வரைந்து கொடுத்தார்கள். பார்த்தால் படம் போலவே இருந்தது, லட்சக்கணக்கில் விற்றது.

1995ல் 'கோல்டன்ஐ' என்ற ஜேம்ஸ்பாண்ட் படம் வந்தது. அதன் கேமை உருவாக்கிய இங்கிலாந்துக் குழுவில் பெரும்பாலானோர் அதற்கு முன் கேமே செய்யாதவர்கள்! அவசரப்படாமல் செய்தார்கள். படம் வந்து கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கழித்து, 1997ல்தான் கேம் வந்தது. 'இவ்வளவு தாமதமா?' என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். 80 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இன்னொரு கதை. அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளி அண்ணன், தம்பி இருவர்: கார்த்திக் பாலா, குகா பாலா. பள்ளியில் படிக்கும்போதே, 1991ல் கேம் செய்யத் தொடங்கியவர்கள். கையில் வைத்து விளையாடும் 'கேம்பாய் அட்வான்ஸ்' என்ற குட்டிப் பெட்டிக்கு 'ஃபைண்டிங் நீமோ', 'ஷ்ரெக் 2' போன்ற திரைப்பட கேம்களைச் செய்தது அவர்கள் நிறுவனம்தான். 2016ல் இருவரும் வேறு புது நிறுவனம் தொடங்கினார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? 'வேலன் ஸ்டுடியோஸ்'! நமக்கு ரொம்பப் பழக்கமான பெயர், இல்லையா? 2020ல் அவர்கள் நின்டெண்டோவோடு சேர்ந்து ஒரு புதுமை செய்தார்கள். கேமரா பொருத்திய பொம்மைக் கார் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடும். உங்கள் வீட்டு மேஜை நாற்காலியே திரையில் பந்தயச் சாலை ஆகிவிடும். ஓட்டுபவர் யார்? நம் மீசைக்கார மரியோதான்!

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. தமிழில் வந்த 'கஜினி'யை ஏ.ஆர்.முருகதாஸ் இந்தியில் எடுத்தபோது, 2008ல் அதை ஐதராபாத்தில் கணினி கேமாகச் செய்தார்கள். 2009ல், முழுக்க முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 கேமாக 'ஹனுமான்' வந்தது. 2011ல் 'ரா.ஒன்' படத்தோடு அதன் கேமும் வந்தது. 2014ல் ரஜினிகாந்தின் 'கோச்சடையான்' படத்தையொட்டிச் செல்போனில் கேம் வந்தது. உலகமே கொண்டாடும் ஒரு தமிழ்ப் பட கேம் இன்னும் வரவில்லை. அதைச் செய்யப் போவது உங்களில் ஒருவராகவும் இருக்கலாமே!

வார்ஷா என்ன ஆனார்?

பழியைச் சுமந்த அந்த மனிதரை மறந்துவிட்டோமே! அடாரியை விட்டு வெளியேறிய வார்ஷா, பல வேலைகள் பார்த்தார். பிறகு மறுபடியும் படித்து, மனநல ஆலோசகர் ஆனார். மனம் உடைந்து வருபவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதுதான் அவர் வேலை. தோற்றுப் போனால் எப்படி இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

2014ல் அந்தக் குப்பைக் கிடங்கைத் தோண்டியபோது அவரும் அங்கே நின்றிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் செய்ததைப் பார்க்க, புழுதிக் காற்றில் இத்தனை பேர் காத்து நிற்பதைக் கண்டு அவர் கண்கள் கலங்கின. தோண்டி எடுத்த கேசட்டுகளை ஏலம் விட்டதில் 1 லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. ஒன்று அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. குப்பை என்று புதைத்தது, பொக்கிஷம் ஆகிவிட்டது!

நானும் அந்த மஞ்சள் கேசட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன். அறுபது ரூபாயையும் நீட்டினேன். ''பணம் வேண்டாம் டீச்சர். என் கேள்விக்குப் பதிலை இப்போ இருக்கிற பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க, போதும்'' என்றான். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன்.

வீடியோ கேம் விளையாடுவது தப்பில்லை. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் விளையாடுங்கள். கண்ணுக்கும் ஓய்வு கொடுங்கள்; வெளியே போய் ஓடியாடுங்கள். ஆனால், விளையாடுவதோடு நிறுத்திவிடாமல் 'இது எப்படி வேலை செய்கிறது?' என்றும் கேளுங்கள். டீச்சர் திட்டினால்? பொறுத்துக் கொண்டு, மறுநாள் மறுபடியும் கேளுங்கள்!

உங்களுக்குத் தெரியுமா?

* நின்டெண்டோ 1889ல் தொடங்கிய நிறுவனம். முதலில் விற்றது சீட்டுக் கட்டு!

* அந்தக் காலத்தில் அடாரி கேம்களில், செய்தவரின் பெயரைப் போட மாட்டார்கள். வாரன் ராபினெட் என்பவர் 'அட்வெஞ்சர்' என்ற கேமில் ஒரு ரகசிய அறையை வைத்து, அதற்குள் தன் பெயரை ஒளித்து வைத்துவிட்டார்!

* வாத்து சுடும் கேமில் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போகாது. விசையை அழுத்தியதும், கண் இமைக்கும் நேரத்துக்குத் திரை கறுப்பாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி 'பார்த்தால்' வாத்து விழும்! பழைய குழாய் டி.வி.யில்தான் இது நடக்கும்.

செய்து பாருங்கள்!

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பக்கத்துக்கு 16 வீதம், ஒரு சதுரம் போட்டுக் கொள்ளுங்கள். மொத்தம் 256 கட்டம். மூன்றே மூன்று வண்ணப் பென்சில்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான். கோடு வளையக் கூடாது! இதற்குள் உங்கள் சொந்தக் கதாநாயகனை வரைந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். வரைந்ததை நண்பனிடம் காட்டி, 'இது யார் என்று தெரிகிறதா?' என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் திருத்துங்கள். வார்ஷாவுக்குக் கிடைக்காத அந்த நேரம், உங்களுக்கு இருக்கிறதே!